ஒதுக்கப்பட்ட நேரத்துக்கு மட்டும் நிதி

அக்டோபர் 28, செவ்வாய்க்கிழமை, காலை 9 மணி 52 நிமிடம். விட்டுவிட்டுத் தூறல். டயாலிசிஸ் முடிந்து, கையிலிருந்து இரண்டு ஊசிகளையும் எடுத்துவிட்டு, ஓட்டைகளின் மேல் பஞ்சை வைத்து நானே அழுத்திக்கொண்டிருந்தேன். பதினைந்து நிமிடம் அழுத்த வேண்டும். எட்டு நிமிடம் ஆகியிருந்தது. அப்போது பக்கத்து நாற்காலி சுடலைமுத்து என் கழுத்தைப் பிடித்தான். பிடித்த கையை எடுக்காமலே மறுகையால் என் இடது முழங்கையை முறுக்கினான். பஞ்சு தெறித்து விழுந்தது. ரத்தம் குழாயில் வருவதுபோல் வந்தது. சுவரில் ஏழு டைல்கள் நனைந்தன. அவன் என் முகத்தருகே குனிந்து சொன்னான்:

"எண்ணும்வே. இப்ப எண்ணும்."

அவன் ஏன் அடித்தான் என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அடிக்க அவனுக்குக் காரணம் இருந்தது.

எனக்கு எழுபத்தொரு வயது. வட்டாரப் புள்ளியியல் ஆய்வாளராக முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீடு வல்லம் வடகாலில். மனைவி சரோஜா. ஒரே மகன் பிரகாஷ் ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இருக்கிறான். எதையும் எண்ணாமல் விட்டால் எனக்கு உறக்கம் வராது. மாடிப்படி, மாத்திரை, தெருவில் போகும் கம்பெனி பஸ் எல்லாவற்றையும் எண்ணுவேன். இது பெருமையில்லை, அரிப்பு மாதிரி.

இரண்டு வருடத்துக்கு முன் கால் வீங்கியது. அழுத்தினால் குழி விழுந்து, நிரம்ப நாற்பது நொடி எடுத்தது. சிறுநீரில் நுரை. ரத்தத்தில் கிரியாட்டினின் 9.6 என்று வந்தது. உடம்பின் தசை தேய்வதில் வரும் கழிவு அது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் ஒன்றைத் தாண்டுவதே அபூர்வம். தாலுகா மருத்துவமனையில் இருந்த பெண் டாக்டருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. "ரெண்டுமே சுருங்கிப்போச்சு ஐயா. இனிமே மிஷின்தான்" என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அவர் அடுத்த சீட்டை எடுத்தார். அந்தச் சீட்டைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டும் என்று என் விரல்கள் துடித்தது இப்போதும் நினைவிருக்கிறது.

முன்கையில் ஒரு தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைப்பார்கள். அதுதான் ஃபிஸ்டுலா. சில வாரத்தில் சிரை தடித்துக் கயிறுபோல் எழும்பும். விரல் வைத்தால் உள்ளே வண்டு உறுமுவதுபோல் அதிரும். அந்த அதிர்வு இருக்கும்வரைதான் உயிர். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைத் தொட்டுப் பார்ப்பேன். அதில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாரத்துக்கு மூன்று நாள் அதில் ஆணி மாதிரி இரண்டு ஊசிகளை இறக்குவார்கள். நான்கு மணி நேரம் என் ரத்தம் வெளியே போய், ஒரு வடிகட்டியில் கழுவப்பட்டுத் திரும்ப வரும். முதல் மாதம் ஒவ்வொரு ஊசிக்கும் யாரையாவது அறையத் தோன்றும். பல்லைக் கடித்துக் கடித்து ஒரு கடைவாய்ப்பல் உடைந்தது.

ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லி தண்ணீர்தான் குடிக்கலாம். சரோஜா ஒரு பாட்டிலில் கோடு போட்டு வைத்தாள். மதியம் நாக்கு வறண்டு நான் கத்தும்போது இரண்டு ஐஸ் கட்டி தருவாள். "உருகறதுக்குள்ள சண்டைய முடிச்சிடுங்க" என்பாள். கீரையை இரண்டு முறை வேகவைத்து இரண்டு முறையும் நீரை வடித்துக் கொட்டுவாள், பொட்டாசியம் போவதற்காக. பொட்டாசியம் என்பது இளநீரிலும் வாழைப்பழத்திலும் இருக்கும் நல்ல உப்புதான். சிறுநீரகம் இல்லாதவனுக்கு அது ரத்தத்தில் ஏறிக்கொண்டே போய் ஒரு நொடியில் இதயத்தை நிறுத்திவிடும். வலிகூடத் தெரியாதாம்.

தாலுகா மருத்துவமனையில் எங்கள் டயாலிசிஸ் வார்டில் ஆறு நாற்காலி. என்னுடையது மூன்றாவது, செவ்வாய், வியாழன், சனி, காலை. நான்காவது நாற்காலியில் காலை நேரம் சுடலைமுத்துவுக்கு, பிற்பகல் ஏழுமலைக்கு. சுடலைமுத்து தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து லாரி கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தான், வயது முப்பத்தொன்று. ஏழுமலை பக்கத்துக் காலனிக்காரன், டயர் கம்பெனியில் இருந்தான், முப்பத்து நான்கு. இருவரும் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டார்கள். கையில் புடைத்த ஃபிஸ்டுலாவை சூப்பர்வைசர் பார்த்தால் மறுநாள் கேட்டில் நிறுத்திவிடுவார்கள். ஏழுமலை மட்டும் யார் கேட்டாலும் "பைக்ல வுயுந்தேன், உள்ள பிளேட்டு கீது" என்று சொல்லி வைத்திருந்தான்.

இருவருக்கும் ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். ஏழுமலைக்குப் பிற்பகல் ஷிப்ட் வரும் வாரங்களில் அவன் காலையில் வந்து சுடலைமுத்துவின் நேரத்தில் படுப்பான். சுடலைமுத்து தன் காலை ஷிப்ட் முடிந்து வந்து அவனுடைய பிற்பகலை எடுத்துக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசி முடிவு செய்துகொள்வார்கள். டெக்னீஷியன் ஜெயந்தி சிஸ்டருக்கு இது தெரியும். பதிவேட்டில் மட்டும் ஒதுக்கீட்டு ஆணையில் உள்ளபடி பெயரை எழுதிவிடுவார். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு. நான் வந்து சேரும்வரை.

சிகிச்சைக்குப் பணம் தருவது அரசுக் காப்பீட்டுத் திட்டம். எந்த மையத்துக்கு எவ்வளவு, புது மெஷின் யாருக்கு, எந்தச் செலவு செல்லும், செல்லாது என்று பார்த்துப் பரிந்துரை செய்ய மாவட்டத்தில் ஓர் ஆலோசனைக் குழு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடும். பதினொரு பேர். அதில் நோயாளி ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி. எழுதப் படிக்கத் தெரிந்தவர், ஓய்வு பெற்ற அரசு ஊழியர் என்று என்னைப் போட்டார்கள். நான் போட்டுக்கொண்ட இஸ்திரிச் சட்டையைப் பார்த்து சரோஜா, "கலெக்டர் ஆபீஸுக்கு மாப்ள பாக்கப் போறீங்களா?" என்றாள்.

முதல் கூட்டத்தில் செல்லாத செலவுகள் பற்றி ஒரு விதி வந்தது. ஒருவருக்கு ஃபிஸ்டுலா போட்டு மூன்று வருடத்துக்குள் அது காயத்தால் கெட்டுப்போய் மறுபடி போட வேண்டி வந்தால், காயப்படுத்தியவர் மேல் போலீஸ் வழக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நோயாளியின் கவனக்குறைவு, நிதி கிடையாது. எல்லோரும் கை தூக்கினோம். பதினொரு கை, எண்ணினேன்.

அடுத்த கூட்டம் அக்டோபர் நடுவில். எங்கள் மையத்துக்கு இரண்டு மெஷின் கூடுதலாகக் கேட்டிருந்தோம். கணக்கு சுத்தமாக இருக்கும் மையத்துக்குத்தான் முன்னுரிமை என்றார் கணக்கு அலுவலர். என்னிடம் ஒன்பது வாரக் குறிப்பு இருந்தது. மூன்றாம் நாற்காலியில் படுத்தபடி, யார் எந்த நாற்காலியில் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று தினமும் எழுதி வைத்ததும், பிற்பகல் ஆட்களை வாட்ச்மேனிடம் கேட்டுச் சேர்த்ததும். அதை அழகாக அட்டவணையாக்கி எடுத்துப் போனேன். நான்காம் நாற்காலியில் ஐம்பத்து நான்கு அமர்வுகள். அதில் பதினெட்டில் பதிவேட்டில் ஒரு பெயர், படுத்தவர் வேறு.

எதற்காகக் கொடுத்தேன்? ஷிப்ட் ஆட்களுக்கு நேரத்தைத் தளர்த்த வேண்டும் என்று கேட்கப்போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். அங்கே கணக்கு அலுவலர் தாளை வாங்கிப் பார்த்து, "பரவாயில்லையே, எங்க ஆடிட்டருக்கே இது கிடைக்கல" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. கேட்க வந்ததைக் கேட்காமலே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பதினெட்டில் ஓர் அமர்வுகூடக் கூடுதலாக இல்லை. இவன் நேரத்தில் அவன், அவன் நேரத்தில் இவன், அரசுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. அதை நான் சொல்லவில்லை. என் அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

22-ஆம் தேதி புதன்கிழமை வார்டு வாசலில் தாள் ஒட்டினார்கள். ஒதுக்கப்பட்ட நேரத்தில் கைரேகை வைக்காத அமர்வுக்கு நிதி இல்லை. ஜெயந்தி சிஸ்டருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை. அது ஏழுமலைக்குப் பிற்பகல் ஷிப்ட் வாரம். வியாழன் காலை வந்தவனைத் திருப்பி அனுப்பினார்கள். சுடலைமுத்து சம்பளம் வெட்டிக்கொண்டு லீவு போட்டு வந்து தன் நேரத்தில் படுத்தான். ஏழுமலைக்கு லீவு தரவில்லை. வியாழனும் போயிற்று, சனியும் போயிற்று. வியாழன் காலையில் கையில் ஃபைலோடு வாசலில் நின்று அவன் தாளைப் படித்ததை நான் பார்த்தேன். என்னைப் பார்த்து, "யாரோ நல்லா ஆப்பு வெச்சிட்டான் பெருசு நமக்கு" என்றான். நான் தலையை ஆட்டினேன்.

செவ்வாய்க்கிழமை 9 மணி 20-க்கு அவனை ஒரு ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். ஏழு நாள் கழிவும் நீரும் உடம்புக்குள். முகம் உப்பியிருந்தது, மூச்சில் நுரை வந்தது, நுரையீரலில் தண்ணீர். அவன் மனைவி செல்வி கம்பெனி கேன்டீன் யூனிபாரத்தோடு அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சுடலைமுத்துவுக்குக் காலை சிகிச்சை அப்போதுதான் முடிந்து நான்காம் நாற்காலி காலியாகியிருந்தது. அவனும் வாட்ச்மேனும் ஏழுமலையைத் தூக்கி அதில் கிடத்தினார்கள். கிடத்தியதும் அவன் கண் மேலே போனது. இதயம் நின்றுவிட்டது.

டாக்டர் அவன் நெஞ்சின் மேல் இரு கையையும் கோத்து வைத்து அழுத்தினார். அழுத்தினார் என்று எழுதுவது சரியில்லை, இடித்தார். முப்பதாவது இடிக்குள் காய்ந்த முருங்கைக் கிளை முறிவதுபோல் சத்தம் கேட்டது, பிறகு இன்னொன்று. செல்வி, "எலும்ப ஒடைக்கிறாங்க, வுடுங்க, வுடுங்க" என்று டாக்டரின் முடியைப் பிடித்து இழுத்தாள். வாட்ச்மேன் அவளை இடுப்போடு தூக்கினான். அவள் அவன் கையைக் கடித்தாள். மருந்துத் தட்டு கவிழ்ந்து ஊசிகள் என் காலடிவரை உருண்டு வந்தன. டாக்டர் ஓய்ந்ததும் ஜெயந்தி சிஸ்டர் ஏறி இடித்தார். இருநூற்றுப் பன்னிரண்டுவரை எண்ணினேன். அதன்பிறகு எண்ண முடியவில்லை. என் வாழ்க்கையில் எண்ணிக்கை அறுந்துபோனது அன்றுதான்.

இதயம் திரும்ப ஓடியது. கால்சியம் ஊசி போட்டு மெஷினில் இணைத்தார்கள். அந்த இடைவெளியில்தான் செல்வி சுவரோடு சாய்ந்து, என்னை விரலால் காட்டினாள். "இந்தப் பெருசுதான்ணா எய்திக் குடுத்துது. கலெக்டர் ஆபீஸ்ல எங்க சித்தி பொண்ணு டைப் அடிச்சா. எல்லாம் இந்தாளு நோட்டுலர்ந்து போனது."

சுடலைமுத்து என் பக்கம் திரும்பினான். "நெசமாவே?"

"நான் முறைகேடுன்னு எழுதல. வேறுபாடுன்னுதான் எழுதினேன்" என்றேன். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது அதுதான்.

அப்புறம் நடந்ததை முதலிலேயே எழுதிவிட்டேன். ஜெயந்தி சிஸ்டர் தரையில் என் கையை வைத்து முழங்காலால் அழுத்தி ரத்தத்தை நிறுத்தினார். வாட்ச்மேன் சுடலைமுத்துவை முகத்தில் குத்தினான். அவன் திருப்பி அடிக்கவில்லை. மூக்கு ரத்தத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். என் கை வாழைத்தண்டு போல் வீங்கிக் கறுத்தது. மாலை விரல் வைத்துப் பார்த்தேன். அதிர்வு இல்லை. உள்ளே ரத்தம் உறைந்து ஃபிஸ்டுலா செத்துவிட்டது.

மறுநாள் காலை ஒரு போலீஸ்காரர் வந்து, ஆஸ்பத்திரியில் என் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "ஐயா, யாரோ அடிச்சான்னு தகவல். பேரு சொல்லுங்க. உள்ள தூக்கி வெச்சிடறோம்."

உள்ளே வைத்தால் அவனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் யார் கொடுப்பார்கள்? கம்பெனிக்குச் செய்தி போகும், நோயும் தெரியும். நான்காம் நாற்காலியில் ஒருவனை ஏற்கெனவே நான் பாதி கொன்றிருந்தேன்.

"தடுக்கி வுழுந்துட்டேன்" என்றேன்.

போலீஸ்காரர் என் கழுத்தைப் பார்த்தார். சரோஜாவும் பார்த்தாள். "கீழ வுழுந்தா கழுத்துல அஞ்சு விரலு பதியுமா? இன்னாங்க பேச்சு இது?" என்றாள்.

"படியில வுழுந்தேன்."

"படிக்கு விரல் இருக்குதா?"

"தடுக்கி வுழுந்தாருன்னு எழுதிக்கப்பா" என்று நான் போலீஸ்காரரிடம் மறுபடி சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு போனார். சரோஜா அன்று முழுவதும் பேசவில்லை. ஆனால் சரியான நேரத்துக்கு இரண்டு ஐஸ் கட்டி வந்தது.

அடுத்த டயாலிசிஸுக்கு ஒரு நாள்தான் இருந்தது. பிரகாஷ் என்னைத் தண்டலம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தான். கழுத்துச் சிரையில் துளை போட்டுக் குழாய் இறக்கினார்கள். மரத்துப்போக ஊசி போட்டும், உள்ளே யாரோ கம்பியால் துழாவுவது தெரிந்தது. நான் கெட்ட வார்த்தை பேசினேன். என் மகன் முன்னால் அதுவரை பேசியதில்லை. அவன் என் காலைப் பிடித்துக்கொண்டு, "பேசுப்பா, பேசு" என்றான். பத்து நாள் கழித்து வலது கையில் புது ஃபிஸ்டுலா.

கழுத்துக் குழாயோடு வார்டுக்குத் திரும்பிய முதல் வாரம், கட்டு மாற்றப் பிற்பகலில் போனபோது ஏழுமலை நான்காம் நாற்காலியில் இருந்தான். கம்பெனியில் நோய் தெரிந்து வேலை போய்விட்டது. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"இன்னா பெருசு, எலும்பு எத்தினி ஒடஞ்சிதுன்னு நோட்டுல எய்திக்கினியா?"

"நாலுன்னு கேள்விப்பட்டேன்."

"மூணுதான். ஒண்ணு பயைய ஒடசல், கபடியில. சரியா எய்து." சிரிக்கப் போய் வலியில் முகம் சுருங்கினான். பிறகு என்னைப் பார்க்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் சுடலைமுத்துவே என்னிடம் வந்தான். "போலீஸ்ட்ட எதுக்கு அப்படிச் சொன்னீரு? நான் ஒம்மகிட்ட கேட்டனா?"

"கேக்கல."

"பொறவு? எனக்குப் பிச்சை போடுதீரா?"

"இல்ல. நீ செஞ்சது தப்புதான். நான் செஞ்சது அதுக்கு முந்தின தப்பு."

"கை எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனான்.

ஜனவரியில் குழு கூடியது. புதிய அட்டவணை கொண்டுபோனேன். அதே பதினெட்டு அமர்வுகள், ஒரு கட்டம் கூடுதல்: அரசு கூடுதலாகச் செலுத்திய அமர்வுகள். கணக்கு அலுவலர் எடுத்த எடுப்பில், "போன தடவை நீங்கதானே சார் கொடுத்தீங்க? இப்ப நீங்களே மாத்தினா எப்படி?" என்றார். என் முன்னால் இருந்த எவர்சில்வர் டம்ளரை அவர் நெற்றிக்கு வீச எத்தனை அடி தூரம் என்று கணக்குப் போட்டேன். ஒன்பது. டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "கடைசிக் கட்டத்தை மட்டும் வாசிங்க" என்றேன்.

அவர் வாசிக்கவில்லை. தலைவராக இருந்த டாக்டரம்மா தாளை வாங்கி வாசித்தார். "பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்." பதினெட்டு முறையும் வாசித்தார். பிறகு, "ஒருத்தர் செத்துப் பிழைச்சிருக்கார் இதுக்கு" என்றார். ஷிப்ட் தொழிலாளர்கள் அந்த நாளின் இரண்டு நேரங்களில் எதில் வேண்டுமானாலும் வரலாம், வந்த நேரத்தையே எழுத வேண்டும் என்று தீர்மானம். ஏழு கை எழுந்தது, நான்கு எழவில்லை. ஜெயந்தி சிஸ்டரின் குறிப்பாணையும் ரத்தானது.

அடுத்த பொருள், நிராகரிக்கப்படும் கோரிக்கைகள். ஆறாவது பெயர் என்னுடையது, தனியார் மருத்துவமனை அனுப்பியிருந்த பில். காயத்தால் கெட்ட ஃபிஸ்டுலா, வழக்கு இல்லை, கவனக்குறைவு.

"இது ஒண்ணும் பெரிய விஷயமில்ல" என்றார் டாக்டரம்மா, குரலைத் தாழ்த்தி. "விழுந்தா இப்படி ஆகாதுன்னு எனக்கும் தெரியும். இப்ப ஒரு புகார் குடுங்க. கோரிக்கையை நிறுத்தி வைக்கறேன்."

"விழுந்தேன்மா."

"யாரைக் காப்பாத்தறீங்க?"

"நானேதான் கை தூக்கின விதி. நான் விழுந்தேன்."

நடவடிக்கைக் குறிப்பு சுற்றி வந்தது. வலது கையில் தையல் தழும்பு இழுத்ததால் இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டேன். கழுத்துக் குழாய் 14,500. அறுவைச் சிகிச்சை 52,000. பரிசோதனையும் மருந்தும் 9,870. ஆட்டோ 4,340. மொத்தம் எண்பதாயிரத்து எழுநூற்றுப் பத்து ரூபாய்.